விரல் நீட்டும் அணி

பம்பரம் கரும்பலகையை மூன்றாவது முறையாகப் படித்தாள். அப்போதும் அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பம்பரம் என்பது வீட்டில் வைத்த பெயரில்லை. பந்து கைக்கு வந்தால் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றுவாள். அதனால் பள்ளியின் கூடைப்பந்து அணி அவளுக்கு அந்தப் பெயரைச் சூட்டிவிட்டது. அந்த அணியில் பட்டப்பெயர் இல்லாதவர்களே கிடையாது. எல்லோரையும்விட உயரமானவள் ஏணி. கண்ணாடியை நாடா போட்டுத் தலையோடு கட்டிக்கொண்டு ஆடுபவள் கண்ணாடி. அக்கா யார், தங்கை யார் என்று அம்மாவே தடுமாறும் இரண்டு பேருக்குப் பெரிய இரட்டை, சின்ன இரட்டை என்று பெயர்.

அவர்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. கூடையில் பந்தைப் போட்டவள், தனக்குக் கடைசியாகப் பாஸ் கொடுத்தவளைப் பார்த்து விரல் நீட்ட வேண்டும். அந்தப் பாஸுக்குப் பெயர் அசிஸ்ட். பயிற்சி தரும் மிஸ் அதைப் பார்த்ததும், விரல் யார் பக்கம் நீண்டதோ அவள் பெயருக்கு நேரே பலகையில் ஒரு கோடு போடுவார்.

பம்பரத்தின் பெயருக்கு நேரே கோடுகள் வேலி போட்டதுபோல் நின்றன. கண்ணாடியின் பெயருக்கு நேரே ஒரு கோடுகூட இல்லை. அதற்குக் கீழே மிஸ் எழுதியிருந்தார்: "சனிக்கிழமை ஆட்டத்தில் கண்ணாடிக்குப் பதில், அணியில் புதிதாகச் சேர்ந்த பெண் ஆடுவாள்."

"இது எப்படிடி?" என்றாள் பம்பரம். "நீ நல்லாத்தானே ஆடுற?"

"விடுடி. போர்டு பொய் சொல்லுமா?" என்றாள் கண்ணாடி. அழுக்கே இல்லாத கண்ணாடியைக் கழற்றி, நெடுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

பம்பரம் நான்காவது முறையாகப் பலகையைப் படித்தாள். பலகை பொய் சொல்லாதுதான். ஆனாலும் எங்கேயோ உதைத்தது.

மறுநாள் பயிற்சியில் புதுப் பெண் ஆடினாள். குறை சொல்ல முடியாது, முயல்போல ஓடினாள். கண்ணாடி ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆனால் பம்பரத்துக்குத்தான் அன்று எதுவும் ஓடவில்லை. பந்து அவளிடம் வரும்போதெல்லாம் எதிரே இரண்டு பேர் சுவர்போல நின்றார்கள். சுற்றக்கூட இடமில்லை. ஏணி கையை உயர்த்திக்கொண்டு நின்றதுதான் மிச்சம்.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றார் மிஸ்.

"ஷூ கடிக்குது மிஸ்."

அடுத்த நாள் அண்ணனின் பழைய ஷூவைப் போட்டு வந்தாள். அப்போதும் அதே கதைதான்.

"இப்ப ஷூ பெருசா இருக்கு மிஸ்."

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னு சொன்னாளாம்!" என்றாள் ஏணி. எல்லோரும் சிரித்தார்கள். பம்பரமும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் மட்டும் ஒரே குழப்பம். வேலி போல் கோடு வாங்கியவளுக்கு இரண்டு நாளாக ஒரு கோடுகூட இல்லையே, ஏன்?

அன்று மாலை வீட்டுச் சாப்பாட்டு மேசையைக் கூடைப்பந்து மைதானமாக மாற்றினாள். மிளகுத்தூள் டப்பா ஏணி. இரண்டு கரண்டிகள் இரட்டையர். உப்பு டப்பா கண்ணாடி. ஒரு டம்ளர் அவள். பந்துக்கு ஒரு சட்டைப் பொத்தான். எதிரணிக்கு அண்ணனின் பேனாக்கள்.

"அண்ணா, என் டம்ளருக்குப் பொத்தான் எப்படி வருது, பாரு."

"உன் டம்ளருக்குத் தண்ணி வந்தா போதாதா?" என்றான் அண்ணன்.

அவள் காதில் வாங்கவில்லை. போன வாரம் ஆடிய ஆட்டத்தை நினைத்து நினைத்து நகர்த்தினாள். கரண்டியிடமிருந்து பொத்தான் உப்பு டப்பாவுக்குப் போனது. உடனே பேனாக்கள் உப்பு டப்பாவைச் சூழ்ந்தன. உப்பு டப்பா பொத்தானைச் சட்டென்று டம்ளருக்குத் தள்ளியது. டம்ளருக்கு எதிரே ஒரு பேனாவும் இல்லை. நிம்மதியாகச் சுற்றி, மிளகுத்தூளுக்குக் கொடுத்தது. கூடை!

"மறுபடியும்," என்று பொத்தானைக் கரண்டியிடம் வைத்தாள்.

அதற்குள் அண்ணன் உப்பு டப்பாவை எடுத்துத் தன் தட்டில் தட்டிக்கொண்டிருந்தான்.

"ஐயோ, அதைக் குடு! அது இல்லாம எனக்கு எப்படிப் பந்து…"

பம்பரம் பாதியில் நிறுத்தினாள். மேசையைப் பார்த்தாள். சூழ உப்பு டப்பா இல்லாததால் பேனாக்களை எல்லாம் டம்ளரைச் சுற்றி நகர்த்தினாள்; பயிற்சியில் அவளை மறித்த சுவர் அப்படியே நின்றது.

"என்னாச்சு? உப்பு வேணுமா, வேண்டாமா?" என்றான் அண்ணன், திருதிருவென்று விழித்தபடி.

"ரொம்ப வேணும்!" என்று கத்தினாள் பம்பரம்.

மறுநாள் அவள் நேரே மிஸ்ஸிடம் போனாள்.

"மிஸ், இன்னிக்குக் கண்ணாடி ஆடட்டும். விரல் நீட்டுறதுல ஒரு சின்ன மாத்தம். ஏணி என்னைக் காட்டினா, நான் எனக்குப் பந்து குடுத்தவளைக் காட்டுவேன். அவளுக்கும் ஒரு கோடு போடுங்க."

"கடைசிப் பாஸ்தானே அசிஸ்ட்?"

"ஆமா மிஸ். ஆனா அதுக்கு முந்தின பாஸ் வந்தாத்தானே கடைசிப் பாஸே வரும்?"

மிஸ் காதுக்குப் பின்னால் செருகியிருந்த சாக்பீஸை எடுத்துக் கன்னத்தைச் சொறிந்தார். கன்னத்தில் வெள்ளைக் கோடு விழுந்தது. "எனக்கே குழப்பமா இருக்கு. சரி, ஒரு நாள் பார்ப்போம்."

பயிற்சி ஆட்டம் தொடங்கியது. ஏணி கூடை போட்டாள், பம்பரத்தைக் காட்டினாள். பம்பரம் திரும்பிக் கண்ணாடியைக் காட்டினாள். கண்ணாடியோ பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைத்தான்டி!" என்றாள் பம்பரம்.

பயிற்சி முடிந்தபோது கண்ணாடியின் பெயருக்கு நேரேயும் ஒரு வேலி முளைத்திருந்தது. மிஸ் பலகையையும் கண்ணாடியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இத்தனை நாளா இதை நான் எப்படிக் கவனிக்காம விட்டேன்?" என்றார். பிறகு கீழே எழுதியிருந்த வரியை உள்ளங்கையாலேயே அழித்தார். "சனிக்கிழமை நீ ஆடுற. புதுப் பொண்ணு பாதி ஆட்டத்துக்கு மேல இரட்டையில ஒருத்திக்குப் பதிலா வருவா."

"எந்த இரட்டை மிஸ்?" என்றாள் ஏணி.

"யாருக்குத் தெரியும்? முதல்ல களைச்சுப் போறவ!"

கண்ணாடி மறுபடியும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். இந்த முறை அது உண்மையாகவே நனைந்திருந்தது.

சனிக்கிழமை வந்தது. முதல் கூடையை ஏணிதான் போட்டாள். பழக்கப்படி பம்பரத்தைப் பார்த்து விரல் நீட்டினாள். பம்பரம் கண்ணாடியைக் காட்டினாள். கண்ணாடிக்குத் தான் மட்டும் பாராட்டு வாங்குவது சங்கடமாக இருந்தது போலும், தனக்குப் பந்து கொடுத்த பெரிய இரட்டையைக் காட்டினாள். பெரிய இரட்டை சின்ன இரட்டையைக் காட்டினாள். சின்ன இரட்டைக்குக் காட்ட ஆளில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு மிஸ்ஸைக் காட்டினாள்.

மிஸ் தனக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார்.

நடுவர் விசிலை வாயில் வைத்தபடி ஐந்து விரல்களையும் பார்த்தார். எந்தப் பக்கம் பார்ப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை. எதிரணிக்கு அந்தக் குழப்பம் எல்லாம் இல்லை. அவர்கள் பந்தை எடுத்துக்கொண்டு ஓடி, சாவகாசமாக ஒரு கூடை போட்டார்கள்.

"அடியேய்! விரலை மடக்குங்கடி! பந்தைப் பாருங்கடி!" என்று மிஸ் போட்ட சத்தம் தெரு முனைவரை கேட்டிருக்கும்.

ஐந்து பேரும் விழுந்தடித்து ஓடினார்கள். பந்து கண்ணாடியிடம் வந்தது. இரண்டு பேர் அவளைச் சூழ்ந்தார்கள். ஆளில்லாத இடத்தில் நின்றுகொண்டு கை நீட்டினாள் பம்பரம். அடுத்த நொடி பந்து அவள் கையில் இருந்தது. நிம்மதியாக ஒரு சுற்றுச் சுற்றி, ஏணிக்குக் கொடுத்தாள். கூடை!

அந்தக் கூடைக்கும் ஐந்து பேரும் விரல் நீட்டினார்கள். ஆனால் இந்த முறை ஓடிக்கொண்டே நீட்டினார்கள்.