திறந்துவிட்ட குழாய்

வாளி நிரம்பிக் குழாயை மூடிய பிறகும் தண்ணீரில் குமிழிகள் வந்துகொண்டிருந்தன.

ஏட்டு துண்டைத் தோளில் போட்டபடி குனிந்து பார்த்தார். அடியில் ஒரே இடத்திலிருந்து கிளம்பி, ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து, முணுமுணுப்பது போல உடைந்தன. சைக்கிள் டியூபைத் தண்ணீரில் அமுக்கினால் ஓட்டை இருக்கிற இடத்தில் இப்படித்தான் வரும். கையை விட்டு அடியைத் தடவினார். பிளாஸ்டிக் வழவழவென்று இருந்தது. கையை வெளியே எடுத்தபோது பஞ்சர் பசையின் வாடை அடித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தார். போகவில்லை.

"ஏங்க, குளிக்கப் போனீங்களா, தவம் பண்ணப் போனீங்களா?" உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தாள்.

"வரேன், வரேன்."

அவள் கேலி பேசியே பல நாளாகிவிட்டது. காவலர் குடியிருப்புக்கு வெளியே அவள் தலைகாட்டுவதில்லை. காய்காரம்மாகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் மகளின் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. எல்லாம் அந்தப் பஞ்சர்க்காரன் செத்த பிறகுதான்.

நாற்சந்தி மரத்தடியில் கடை போட்டிருந்தவன் அவன். ஏட்டின் வண்டிக்கு எத்தனையோ முறை பஞ்சர் ஒட்டியிருக்கிறான். டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிவிட்டுச் சிரிப்பான். "தண்ணிகிட்ட மட்டும் பொய் சொல்ல முடியாதுண்ணே. எங்க ஓட்டைன்னு காட்டிக் கொடுத்துடும்."

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் ஜீப்பை நிறுத்தி, "டேய், எந்திரிடா நாயே" என்றார். அவன் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "கொஞ்சம் மரியாதையா பேசுங்க சார், பொண்டாட்டி நிக்கிறா" என்றான். அவன் செய்த குற்றம் அவ்வளவுதான்.

ஸ்டேஷனின் பின்னறையில் ஒரு குழாய், அதன் கீழே ஓர் இரும்பு வாளி. அங்கே ஒருவனைக் கொண்டுபோனால் இன்ஸ்பெக்டர் கண்ணைக் காட்டுவார். ஏட்டு குழாயைத் திறப்பார். காலி இரும்பில் தண்ணீர் விழுகிற இரைச்சலில் அலறல் தெருவுக்குப் போகாது. வாளி நிரம்பினால் கவிழ்த்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். பல வருடமாக அதுதான் அவர் வேலை. 'நான் யார் மேலயும் கை வெச்சதில்ல' என்று அவர் சாமி படத்தின் முன் நின்று நிம்மதியாகவே சொல்லிக்கொள்வார். அடிக்கிறவன் கையில்தான் ரத்தம், குழாயைத் திறக்கிறவன் கையில் வெறும் ஈரம் என்று நம்பியிருந்தார்.

அன்று பஞ்சர்க்காரனுக்கு முதலில் உள்ளங்கால்கள். பிறகு முழங்கால். தடி விழுகிற ஒவ்வொரு முறையும் உடம்பு தரையை விட்டுத் துள்ளியது. எலும்பு முறிந்த சத்தம் கேட்டபோது ஏட்டு குழாயை இன்னும் கொஞ்சம் திருகினார். நிற்க முடியாமல், முழங்கைகளை ஊன்றி ஊன்றி, அவன் அவர் காலடிக்கு ஊர்ந்து வந்தான். மேலே பார்த்தான்.

"அண்ணே... ஒரு வாய் தண்ணி."

குழாய் கொட்டிக்கொண்டிருந்தது. குவளை பக்கத்திலேயே கிடந்தது. குனிந்தால் போதும். ஆண்டவன் நம்மிடம் பெரிதாக எதுவும் கேட்டுவிடுவதில்லை. அநேகமாக ஒருமுறை குனியத்தான் சொல்கிறான்.

ஏட்டு இன்ஸ்பெக்டரின் முகத்தைப் பார்த்தார். குனியவில்லை.

"துரைக்குத் தண்ணி வேணுமாம்!" என்று இன்ஸ்பெக்டர் வாளியை உருவி, விளிம்பாலேயே அவன் வாயில் அறைந்தார். மறுபடியும். மறுபடியும். பல் ஒன்று தெறித்து வந்து ஏட்டின் பூட்ஸில் பட்டது. அப்போதுதான் ஏட்டு குவளையை எடுத்தார். தண்ணீர் பிடித்து ஊற்றி, அந்தப் பல்லைச் சாக்கடைத் துவாரத்தில் தள்ளினார். அதற்குப் பிறகு அவன் எதுவும் கேட்கவில்லை. குழாயை மூட வெகுநேரம் யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் எதிர்வீட்டுத் தையற்காரிக்குக் கேட்டிருந்தது. தண்ணீர்ச் சத்தத்துக்குள்ளே ஒருவன் தண்ணீர் கேட்டான் என்று அவள் ஊரெல்லாம் சொன்னாள். மறுநாள் சனங்கள் வந்தார்கள். கல் எறியவில்லை, கோஷம் போடவில்லை. டம்ளரிலும் பாட்டிலிலும் சொம்பிலும் தண்ணீர் கொண்டுவந்து ஸ்டேஷன் படிகளில் வைத்துவிட்டுப் போனார்கள். கால் வைக்க இடமில்லாமல் படியெல்லாம் தண்ணீர்.

"உதைச்சுத் தள்ளுய்யா!" என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு உதைத்தார். செத்தவனின் மனைவி ஓரமாக நின்றிருந்தாள். உருண்ட டம்ளர் ஒன்றை எடுத்து, மறுபடி நிரப்பி, அவருக்கு நேராக வைத்தாள்.

இப்போது குளியலறை ஜன்னலில் வைத்திருந்த போன் அடித்தது. வாளியிலிருந்து கண்ணை எடுக்காமலே ஏட்டு எட்டி எடுத்தார். மகள் தன் டம்ளரை அலசிக்கொள்ள அவர் முழங்காலை ஒட்டி நுழைந்து, குளியலறை மூலைக்குப் போனாள்.

"நாளைக்கு நீதிபதி கேட்டா என்னய்யா சொல்லுவே?" இன்ஸ்பெக்டரின் குரல். "ஒரே படகுல இருக்கோம். நீ ஓட்டை போட்டா நீயும் சேர்ந்துதான் முழுகுவே."

குமிழி நின்றுவிட்டது. தண்ணீர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒட்டுக் கேட்பது போலிருந்தது. உண்மை தொண்டைவரை வந்தது. அவர் அதை விழுங்கிவிட்டார்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டான் சார்."

"சபாஷ்."

போன் அடங்கியது. குழாய் திறந்துகொண்டது.

தானாக. பிளாஸ்டிக் வாளியில்தான் விழுந்தது. ஆனால் கேட்டது இரும்புச் சத்தம். திருகினார். இறுகத் திருகினார். குழாயின் திருகுபிடி கையோடு வந்துவிட்டது. சத்தம் நிற்கவில்லை. சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். ஈரத் தரையில் முழங்கை ஊன்றும் சத்தம். சாக்கடைத் துவாரத்தின் பக்கமிருந்து. கிட்டே. இன்னும் கிட்டே.

வெளியே பாய்ந்தார். கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் போட்டார். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். சத்தம் அடங்கிவிட்டது.

அப்போதுதான் நினைவு வந்தது.

மகள் உள்ளே இருந்தாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல், பொம்மைக்குச் சோறூட்டும்போது பேசுகிற அதே குரல்.

"மெதுவா மாமா. மெதுவா குடிங்க. புரையேறிடும்."

தாழ்ப்பாள் வழுக்கியது. ஒருவழியாகத் திறந்தார். மகள் நடுவில் நின்றிருந்தாள், இரண்டு கையிலும் டம்ளரைப் பிடித்தபடி. அவளுக்கு ஒரு கீறலும் இல்லை. தரையில் காலடித் தடம் எதுவும் இல்லை. துவாரத்திலிருந்து அவள் காலடிவரைக்கும் இழுபட்ட ஈரம். அதன் இருபக்கமும், விட்டு விட்டு, முழங்கை ஊன்றிய சிவப்பு.

"யாரு பாப்பா... யாருகிட்ட பேசினே?"

"இங்க படுத்திருந்தாரே, அவருதான். பாவம்ப்பா, அவரால நிக்க முடியல. ஒரு வாய் தண்ணி கேட்டாரு, கொடுத்தேன்." அவள் முகம் மலர்ந்திருந்தது. "ரொம்ப நல்லவருப்பா. தாகமா இருந்தும் எல்லாத்தையும் குடிக்கல. உங்களுக்கு ஒரு வாய் மிச்சம் வெச்சிருக்காரு."

டம்ளரை அவர் வாயருகே தூக்கிப் பிடித்தாள்.

அடியில் சிவந்த தண்ணீர். அதில் ஒரு பல். பல்லின் வேரிலிருந்து ஒரு குமிழி கிளம்பி, மெல்ல மேலே வந்து, அவர் உதட்டருகே உடைந்தது. பசை வாடை.

"குடிப்பா."

ஏட்டு அலறினார். இருந்த உயிரையெல்லாம் கூட்டி அலறினார். கழுத்து நரம்பு புடைத்தது, தாடை விரிந்தது. ஆனால் அந்த வாயிலிருந்து அலறல் வரவில்லை. காலி இரும்பு வாளியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் மட்டும் வந்தது. நிற்காமல் வந்தது.

உள்ளறையிலிருந்து மனைவி சலித்துக்கொண்டாள்.

"ஏங்க, குழாயைத் திறந்து விட்டுட்டு எங்க போனீங்க? யாராவது அதை மூடுங்களேன்!"