முகம் துடைக்கும் நேரம்

தலையில்லாத ஈ முகம் துடைத்துக்கொண்டிருந்தது.

சமையலறை மேசையில் வெள்ளைத் தட்டு, தட்டின் நடுவே பச்சைத் தகடாய் மின்னும் நீளக்கால் ஈ. அரிசியில் பாதிகூட இல்லாத அந்த உயிரைக் கணவனின் கேமராத் திரையில் விரல் நீளத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள் அவள். சாதாரணமாக அவை ஃப்ளாஷ் மின்னுவதற்குள் போய்விடும். படத்தில் வெறும் இலைதான் மிஞ்சும். அதனால் அவன் அவற்றைச் சின்ன டப்பாவில் அடைத்து, ஃப்ரிட்ஜில் தக்காளிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் வைப்பான். குளிரில் மரத்துப்போனவை மறுபடி சூடேறும்வரை அசையாது. நேற்று ஏதோ நினைப்பில் ஃப்ரீசரில் வைத்து மறந்துவிட்டான். எல்லாம் விறைத்துச் செத்திருந்தன. தூரிகையால் எடுத்தபோது ஒன்றின் தலை முறிந்து விழுந்தது.

அதன் முன்னங்கால்கள்தான் இப்போது எழுந்து, தலை இருந்த வெற்றிடத்தைப் பின்னாலிருந்து முன்னால் வழித்து வழித்துத் துடைத்தன.

"செத்தது எப்படிங்க அசையும்?"

"நீகூடத்தான் ஞாயித்துக்கெழமையானா செத்த மாதிரி தூங்குற. ஒம்பது மணிக்கு எந்திரிக்கல?"

"வெளையாடாதீங்க. தூக்கி வெளிய போடுங்க."

"இரு. முழிச்சதும் மொதல்ல மூஞ்சியத் தொடைக்கும். தொடச்சு முடிச்சதும் ஒரு நொடி அப்படியே நிக்கும். அதுதான் நம்ம நேரம். விட்டோம்னா வெறும் தட்டுதான்."

மூச்சை அடக்கிக் குனிந்தான். லென்ஸ் ஈயைத் தொட்டுவிடும்போல் இருந்தது. கால்கள் நின்றன. ஃப்ளாஷ் மின்னியது. தட்டில் எதுவுமில்லை, பக்கத்தில் விறைத்துக் கிடந்தவையும் இல்லை. அடக்கிய மூச்சை ஆழமாக இழுத்தவன் சட்டென்று மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"உள்ள போயிடுச்சு போல," என்று சிரித்தான்.

மத்தியானம் குளிருகிறது என்றான். வெயில் சுட்ட ஜன்னலோரம் இரண்டு போர்வைக்குள் பல் கிட்டிக் கிடந்தான். இருட்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதயம் என்றார் மருத்துவர். ஈயைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்?

மறுநாள் காலை, மருத்துவமனைப் பிணவறையின் இரும்புப் பெட்டியிலிருந்து அவனை வெளியே இழுத்து, சக்கரக் கட்டிலில் கிடத்தினார்கள். ஃபினாயிலும் துருவும் கலந்த வாடை. சுவருக்குள் ஏதோ இயந்திரம், அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் குரலிலேயே, நிற்காமல் முனகிக்கொண்டிருந்தது. அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வண்டி வர நேரமாகுமாம் அண்ணி. வெளிய வாங்க," என்றாள் அவனுடைய தங்கை.

"நீ போம்மா. கை இப்படி ஜில்லுனு இருக்கே..."

"குளிருது குளிருதுன்னு கெடந்தானே, அப்ப பிடிச்சிருக்கலாம்."

கனத்த கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். கடைசியாக ஒருமுறை அந்தக் கை சூடாக இருக்கவேண்டும். உள்ளங்கைகளுக்குள் வைத்துத் தேய்த்தாள், வாயருகே கொண்டுபோய் ஊதினாள், சேலைக்குள் பொத்தி மார்போடு அழுத்திக்கொண்டாள். அவள் உடம்பின் சூடெல்லாம் வடிந்து அவனுக்குள் போவதுபோல் இருந்தது. அவன் தோல் இளகியது. ஈரம் கசிந்தது.

ஒரு விரல் அசைந்தது.

"என்னங்க?"

சந்தோஷம்தான் முதலில் வந்தது. அதை நினைத்தால் இன்றும் அவளுக்கு உடம்பு கூசும்.

கை அவள் பிடியிலிருந்து நழுவியது. மற்றக் கையும் எழுந்தது. இரண்டும் சேர்ந்து, காதுகளுக்குப் பின்னால் போயின. மெதுவாக முன்னால் வழித்தன. கன்னச் சதை இழுபட்டு மீண்டது.

மறுபடியும்.

இமைகள் மூடியே இருந்தன. மார்பு எழவில்லை. மூச்சில்லை. தோலில் தோல் உரசும் சத்தம் மட்டும்.

மறுபடியும். இப்போது வேகமாக.

அவள் பின்னால் நகர்ந்தாள். முதுகில் கதவு. கைப்பிடி வழுக்கியது. தட்டினாள். யாரும் வரவில்லை.

மறுபடியும். கண்ணால் தொடர முடியாத வேகம்.

தலை அவள் பக்கம் திரும்பியது.

கைகள் நின்றன.