சிறையில் விடப்பட்ட பத்துப் பேர்

செவ்வாய்க்கிழமை காலை அபூ ஸஹ்ல் கடைப் பலகைகளை எடுத்து முடிப்பதற்குள் துர்ஃபா வந்து நின்றுவிட்டாள். சிரியாப் பக்கத்திலிருந்து வந்த யூதர்களான எங்களை ஷாமிகள் என்பார்கள். எங்கள் ஜெப ஆலயத்தில் பாடகராக இருக்கும் ஸதகாவின் மனைவி அவள். அவள் வாய்க்கு எகிப்தின் இந்த ஃபுஸ்தாத் நகரத்தில் பயப்படாத ஆள் கிடையாது. அன்றைக்கு அவளே பயந்துபோய் வந்திருந்தாள்.

அபூ ஸஹ்ல் காகிதம் விற்கிறவர். பத்திரத்தில் தகராறு வந்தால் நீதிபதியே ஆளனுப்பி அவரைக் கூப்பிடுவார். பேச்சு குறைவு, பார்வை அதிகம். அவர் மனைவியின் தம்பி மவ்ஹூப் அதற்கு நேர் எதிர். ஷாமி ஆலயத்தில் விளக்கேற்றுவதும் பெருக்குவதும் அவன் வேலை. மிச்ச நேரமெல்லாம் இந்தக் கடையில் வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு, ஊரிலுள்ள திருடர்களை வாயாலேயே பிடித்துக்கொண்டிருப்பான்.

துர்ஃபா சொன்னதைச் சுருக்கினால் இதுதான். பத்து நாளைக்கு முன்னால், யோசேப்பின் கதையை வாசிக்கும் சனிக்கிழமை ஓய்வுநாளன்று, இராக்கிலிருந்து வந்த யூதர்களான இராக்காரர்களின் ஆலயத்தில் அவர்கள் பாடகர் ஸக்காய் ஒரு புதுப் பாட்டுப் பாடினார். ஆண்களும் பெண்களும் விசும்பி விசும்பி அழுதார்களாம். அந்தப் பாட்டு ஸதகா போன கோடையில் எழுதி, தங்கள் ஆலயத்தில் ஒரே ஒருமுறை பாடியது. விஷயம் காதுக்கு வந்ததும் துர்ஃபா இராக்காரர்களின் வாசலில் போய் நின்று கத்தியிருக்கிறாள். ஸக்காய் பதறவில்லை. பழைய தாள் ஒன்றை எடுத்து நீதிபதியிடம் நீட்டிவிட்டார். அதில் முழுப் பாட்டும் இருந்தது, கீழே இரண்டு வருஷத்துக்கு முந்தைய தேதியும் இருந்தது. அப்போதே எழுதினேன், ஒரு துக்க வீட்டில் பாடினேன், ஸதகாவும் அங்கே உட்கார்ந்து கேட்டார், திருடியது அவர்தான் என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். ஸதகா அந்த வீட்டுக்குப் போனதும் நிஜம்.

"வியாழக்கிழமை விசாரணைண்ணே," என்றாள் துர்ஃபா. "சனிக்கிழமை ரெண்டு ஆலயத்துலயும் பேரைச் சொல்லி விலக்கி வச்சுடுவாங்களாம். அப்புறம் யாரும் அவர்கூடப் பேசக் கூடாது, சாப்பிடக் கூடாது, செத்தாலும் தூக்க வரக் கூடாது. அந்த மனுஷன் மூலையில உக்காந்துக்கிட்டு, 'விடு, ஆண்டவனுக்குத் தெரியும்'ங்கறாரு. ஆண்டவன் என்ன வியாழக்கிழமை சாட்சி சொல்ல வருவாரா?"

ஸதகா எழுதிப் பார்த்த தாள்கள் எங்கே என்று அபூ ஸஹ்ல் கேட்டார். எழுதி முடித்ததும் அவர் வழக்கப்படி எல்லாவற்றையும் ஆலயச் சுவரிலிருக்கும் பழந்தாள் அறையின் ஓட்டைக்குள் போட்டுவிட்டாராம். ஆண்டவன் பெயர் எழுதிய தாளை எரிக்கவும் முடியாது, எறியவும் முடியாது. அங்கே நூறு வருஷக் குப்பை மலையாகக் கிடக்கிறது, அதில் இறங்கித் தேட வருஷக் கணக்காகும். பாடிய அன்று கேட்டவர்கள் சொல்லக் கூடாதா என்று அடுத்த கேள்வி.

"வந்ததே பதினெட்டுப் பேரு. அதுல பாதி தூக்கம். கேட்டா, பாட்டு நீளமா இருந்துச்சுங்கறாங்க. இதோ நிக்கிறானே இந்த மவ்ஹூப், இவனாவது சொல்லுவான்னு பாத்தா, அந்த மாசம் பூரா மஹல்லா ஊருல கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டுக்கிட்டு இருந்தான்."

மவ்ஹூப் கடலையைக் கீழே வைத்தான்.

எங்கள் ஷாமி ஆலயத்தில் கூட்டம் குறைந்துகொண்டே போவது ஊரறிந்த கதை. இராக்காரர்கள் வேதநூலான தோராவை ஒரே வருஷத்தில் வாசித்து முடித்துவிடுவார்கள். ஷாமிகள் நாங்கள் அதையே சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, மூன்றரை வருஷம் இழுப்போம். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பாட்டு வேறு. சந்தையில் இராக்காரர்கள் பார்க்கும்போதெல்லாம், "என்னப்பா, உங்க யோசேப்பு இன்னும் கிணத்துக்குள்ளதான் கிடக்கானா?" என்று சீண்டுவார்கள். நாங்கள் பதிலுக்கு, "நீங்க வாசிக்கிறீங்களா, ஓடுறீங்களா?" என்போம். இந்தச் சண்டை எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நடக்கிறது. யாருக்கும் சலிக்கவில்லை.

அன்று மத்தியானம் அபூ ஸஹ்ல் நீதிபதி மெனஹேமின் வீட்டுக்குப் போய் அந்தத் தாளைப் பார்த்தார். மவ்ஹூப் விளக்கைப் பிடித்துக்கொண்டு காகிதத்தை முகர்ந்தான், நக்கிப் பார்க்காத குறை. மை புதுசு மச்சான், தேதி பொய் மச்சான் என்று குதித்தான். அது போதாது என்று அபூ ஸஹ்ல் தலையை ஆட்டினார். காகிதம் அவர் கடையுடையதுதான், நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த சரக்கு. பழைய வெற்றுத்தாள் எல்லார் வீட்டிலும் கிடக்கும். மையைப் பார்த்து அவரால் சத்தியம் செய்ய முடியாது. அவர் பாட்டை மட்டும் தலையிலிருந்து கால்வரை இரண்டு தடவை படித்தார்.

திரும்பும் வழியில் மவ்ஹூபிடம், இந்தப் பாட்டு உனக்கு எப்படிப்பட்டதாகத் தெரிகிறது என்று கேட்டார். அவன் தெரு என்றும் பாராமல் பாடியே காட்டிவிட்டான். 'இவனைப்போல் ஒருவன் கிடைப்பானா' என்று எகிப்து ராஜா பார்வோன் யோசேப்பைப் பார்த்து வியப்பதில் ஆரம்பித்து, மோதிரம், பட்டாடை, பஞ்சம், தானியம் வாங்க வந்து நிற்கும், ஒருகாலத்தில் அவனைக் கிணற்றில் தள்ளிய பத்து அண்ணன்மார், யாரென்று தெரிந்தும் தெரியாதவன்போல் தம்பி அவர்களைச் சிறையில் போடுவதுவரை ஒரு வரி பிசகவில்லை. கடைசியில் ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும் கண்ணி.

"அருமையான பாட்டு மச்சான். ஆனா ஒண்ணு. பத்துப் பேரையும் உள்ள தள்ளிட்டு அப்படியே விட்டுட்டாரு பாருங்க. வெளிய விடவே இல்ல. அந்த ஓநாய் எங்கேருந்து வந்துச்சுன்னும் எனக்குப் புரியல."

அபூ ஸஹ்ல் நின்றுவிட்டார். பிறகு வழியில் சீமைமாதுளம்பழம் வாங்கி அவன் கையில் கொடுத்து, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதன்கிழமை முழுதும் கடையில் காகிதம்தான் விற்றார். மவ்ஹூபுக்குத் தலை வெடித்துவிடும்போல் இருந்தது.

வியாழக்கிழமை ஆலயத்தின் முன்கூடத்தில் நீதிபதி உட்கார்ந்தார். மெனஹேம் மேற்கே கைரவானிலிருந்து வந்து குடியேறியவர், சிறுவயதிலிருந்து இராக்காரர் முறையில் ஜெபிக்கிறவர். நேர்மையானவர்தான், ஆனால் சிரிக்கத் தெரியாது. ஒரு பக்கம் ஸக்காய், நல்ல உயரம், கேட்டால் கல்லும் இளகும் குரல். மறுபக்கம் ஸதகா, கரகரத்த தொண்டையோடு தரையைப் பார்த்தபடி. வாசல் நிறையக் கூட்டம்.

அபூ ஸஹ்ல் எழுந்து, ஸக்காயிடம் சில சின்ன விஷயம் கேட்க அனுமதி வாங்கினார்.

"பெரியவங்க தொழிலைப் பத்தி எனக்குத் தெரியாது. காகிதம் விக்கிறவன். ஒரு ஓய்வுநாளுக்குப் பாட்டு எழுதறீங்கன்னா, எங்க ஆரம்பிப்பீங்க?"

ஸக்காய் சிரித்தார். அன்றைக்கு வாசிக்கிற பகுதியின் முதல் வரியில் ஆரம்பிக்க வேண்டும், அது முடிகிற இடத்தில் முடித்து, கடைசிக் கண்ணியை அதை அடுத்து வாசிக்கிற தீர்க்கதரிசியின் வார்த்தையோடு கோத்துவிட வேண்டும், இது பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் என்றார். இதுவரை எழுதிய பாட்டெல்லாம் அப்படித்தானா என்றதற்கு, வேறு எப்படி எழுதுவது என்று திருப்பிக் கேட்டார்.

"இந்தப் பாட்டு எந்த நாளுக்கு எழுதினது?"

"அதான் சொன்னேனே. எங்க யோசேப்பு ஓய்வுநாளுக்கு."

"சரிங்க. உங்க ஆலயத்துல அன்னிக்கு வாசிப்பு எங்க ஆரம்பிக்குது?"

ஸக்காய் வாயைத் திறந்தார். கண் தாளுக்குப் போயிற்று. பதில் சொன்னது நீதிபதிதான். பார்வோன் கனவு காண்பதில் ஆரம்பம், கடைசித் தம்பி பென்யமீனின் மூட்டையில் வெள்ளிக் கிண்ணம் அகப்படுவதில் முடிவு என்று அவர் வருஷா வருஷம் கேட்ட பழக்கத்தில் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு மேஜையிலிருந்த தாளைக் கையில் எடுத்தார்.

"ஐயா பாத்துட்டீங்க," என்றார் அபூ ஸஹ்ல். "இதுல கனவும் இல்ல, கிண்ணமும் இல்ல. கதை நடுவுல தொடங்கி நடுவுல நின்னு போகுது. பத்துப் பேரும் ஜெயில்லயே கிடக்காங்க. உங்க வாசிப்பு அங்க நிக்கவே நிக்காது, அதே நாள்ல அவங்க வெளிய வந்து, ஊருக்குப் போயி, திரும்பியும் வந்துடுவாங்க. பத்துப் பேரை ஒரு வாரம் உள்ள வச்சுட்டு வீட்டுக்குச் சாப்பிடப் போற ஆளுங்க இந்த ஊர்ல ஷாமிங்க மட்டும்தான்."

கூட்டம் சிரித்தது. ஷாமிகளும் சேர்ந்து சிரித்தார்கள்.

அவர் மேலே சொன்னார். ஷாமிகளின் துண்டு ஒன்று சரியாக 'இவனைப்போல் ஒருவன் கிடைப்பானா' என்று பார்வோன் கேட்பதில் தொடங்கி, அண்ணன்மார் மூன்று நாள் காவலில் கிடப்பதோடு முடிகிறது. போன கோடையில் அதை வாசித்தார்கள், ஸதகா பாடியது அன்றுதான். இந்த ஒருமுறை மட்டும் நடுப்பகுதியை எடுத்துக்கொண்டேன் என்று ஸக்காய் சொல்லக்கூடும். அப்படியே வைத்துக்கொண்டாலும் அந்த ஓநாய் எங்கிருந்து வந்தது? இராக்காரர்கள் அந்த ஓய்வுநாளில் தீர்க்கதரிசி சகரியா கண்ட விளக்குத்தண்டை வாசிக்கிறார்கள், அதில் ஓநாயும் இல்லை, ஆடும் இல்லை. ஷாமிகள் அந்தத் துண்டோடு சேர்த்து வாசிப்பது ஏசாயா தீர்க்கதரிசியை. ஆட்டுக்குட்டியோடு ஓநாய் தங்குவது அங்கேதான் வருகிறது.

"தேதியை யாரு வேணா எழுதிடலாம்யா. ஆனா பாட்டு எந்த வாசிப்புக்குப் பொறந்துச்சோ, அந்த வாசிப்போட அளவுலதான் இருக்கும். அதை மாத்தணும்னா புதுசா எழுதத் தெரியணும்."

நீதிபதி இரண்டு ஆலயத்து வாசிப்புப் பட்டியல்களையும் கொண்டுவரச் சொல்லி, விரலை வைத்துப் பார்த்தார். ஓரிடத்திலும் தப்பு இல்லை. பிறகு, ஷாமி ஆலயத்தில் ஒரே தடவை பாடியது ஸக்காய்க்கு எப்படிப் போயிற்று என்று கேட்டார். அபூ ஸஹ்ல் வாசல் பக்கம் பார்த்தார்.

மவ்ஹூப் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"நான்தான்யா. ஸதகா அவரு வீட்டுல பாடிப் பழகறப்ப விளக்குத் திரி போட்டுக்கிட்டே கேட்டுப் பாடம் பண்ணிட்டேன். மஹல்லாவுலேருந்து வந்ததும் இராக்காரங்க வாசல்ல போயி, உங்க ஆளுக்கு இப்படி எழுத வருமான்னு வீறாப்பா முழுசாப் பாடிக் காட்டினேன். இந்த ஸக்காய் ரெண்டாவது தடவையும் பாடச் சொன்னாரு. பெருமையா இருந்துச்சு, பாடிட்டேன். செவ்வாய்க்கிழமையே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

பாட்டுப் பாடிய மாதம் முழுக்க ஊரிலேயே இல்லாதவன் தெருவில் ஒரு வரி விடாமல் பாடியபோதே அபூ ஸஹ்லுக்கு விளங்கிவிட்டது. அவனாகச் சொல்லட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தார். கேட்டுச் சொல்ல வைத்திருந்தால் அவன் நிமிர்ந்து நடக்க மாட்டான் என்பது அவர் கணக்கு.

ஸக்காய் அதற்குமேல் மறுக்கவில்லை. மூன்று வருஷமாகத் தனக்கு ஒரு வரிகூட வரவில்லை, பழைய பாட்டையே திருப்பித் திருப்பிப் பாடுகிறோம் என்ற வெட்கத்தில் ராத்தூக்கம் போய்விட்டது என்றார். அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயத்தில்தான் தேதி போட்டாராம். ஸதகாவின் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை.

நீதிபதி தாளை மடித்தார். ஸதகாவுக்கு எழுதி வைத்திருந்த விலக்கு இப்போது ஸக்காய்க்கு, சனிக்கிழமையே அறிவிக்கப்படும் என்றார். துர்ஃபா, "ஆமென்" என்று கூடமே அதிரச் சொன்னாள்.

அப்போதுதான் ஸதகா தலை நிமிர்ந்தார். அவருக்கு ஒரே ஒரு சந்தேகம். "அழுதாங்கன்னு சொன்னாங்களே. நெசமாவா?"

ஸக்காய் தலையசைத்தார். "கிழவனுங்கல்லாம் அழுதாங்க."

"நான் பாடினப்ப கொட்டாவிதான் விட்டாங்க," என்றார் ஸதகா. நீதிபதியிடம் திரும்பினார். "இவரை விலக்கி வச்சா இதை யாருய்யா பாடுவாங்க? என் தொண்டைக்கு இது தாங்காது. யாரு எழுதினதுன்னு சொல்லிட்டுப் பாடட்டும். எனக்கு அது போதும்."

துர்ஃபா வீடு போய்ச் சேரும்வரை அவரை வாங்கு வாங்கென்று வாங்கினாள். நாளைக்கு வீட்டுப் பாத்திரத்தைக்கூட எடுத்துக் கொடுத்துவிட்டு வருவீர் என்றாள். நீதிபதியோ ஸதகா கேட்டபடியே தீர்ப்பு எழுதினார். வாசிப்பு முறைக்கு ஒவ்வாவிட்டாலும் இந்த ஒரு ஓய்வுநாள் மட்டும் பாடலாம் என்று ஓரத்தில் சேர்த்தார்.

சனிக்கிழமை ஷாமி ஜெபம் முடிந்ததும் ஸதகா இராக்காரர்களின் ஆலயத்துக்கு நடந்தார். உள்ளே கால் வைக்க இடமில்லை, கடைசி வரிசைத் தூண் பக்கம் நின்றார். ஸக்காய் மேடையேறி, இது ஸதகா எழுதியது, நான் திருடினேன் என்றார். ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. பிறகு பாடினார். மாடத்துப் பெண்கள் பக்கமிருந்து விசும்பல் கேட்டது. முன் வரிசையில் தானிய வியாபாரி ஒருவர், சந்தையில் ஷாமிகளை ஓயாமல் சீண்டுகிறவர், தலைப்பாகை நுனியால் கண்ணைத் துடைத்தார். ஸதகாவின் கை தூணைப் பிடித்தபடி இருந்தது, விடவே இல்லை.

முற்றத்தில் துர்ஃபா காத்திருந்தாள். யார் யாரோ வந்து ஸதகாவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். எல்லாரும் போனபிறகு அவர் அவள் பக்கம் திரும்பினார்.

"எழுதறப்ப தெரியலடி, இது இவ்வளவு நல்லா இருக்கும்னு."

"எனக்குத் தெரியும்," என்றாள் துர்ஃபா. "வாங்க, சாப்பிடப் போலாம்."