ஐலாவின் குரல் எங்கே போனது?

ஐலா முதன்முதலாகக் கத்திய அன்று மண்டபத்தில் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அது சாதாரண மண்டபம் இல்லை. அதன் தரை முழுவதும் பனிக்கட்டி. நீளநீளமாக நான்கு தளங்கள். சனிக்கிழமை காலைகளில் அங்கே பிள்ளைகள் கேர்லிங் விளையாடுவார்கள்.

ஒருவர் கைப்பிடி வைத்த கனமான கல்லைப் பனியில் வழுக்கி விடுவார். இருவர் கல்லுக்கு முன்னால் போய்க்கொண்டே பிரஷ்ஷால் பனியைத் தேய்ப்பார்கள். தேய்த்தால் கல் இன்னும் தூரம் போகும். தேய்க்காவிட்டால் சீக்கிரம் நின்றுவிடும். மறுமுனையில் பனிக்குள் பெரிய வட்டம் ஒன்று தெரியும். அணித் தலைவர் அங்கே நின்றுகொண்டு, எப்போது தேய்ப்பது, எப்போது நிறுத்துவது என்று கத்துவார். வட்டத்தின் நடுவுக்கு யாருடைய கல் கிட்ட நிற்கிறதோ, அவர்களுக்குப் புள்ளி.

றொசானாவுக்குத் தேய்க்கப் பிடிக்கும்.

"ஐஸில கல்லைத் தள்ளிப்போட்டு, அதுக்கு முன்னால கூட்டிக்கொண்டு ஓடுறியோ?" என்று அம்மா கேட்டார். "குசினியைக் கூட்டச் சொன்னா மட்டும் கை நோகுது."

அவளோடு சேர்ந்து தேய்ப்பவன் யதுர்ஷன். இருவரும் சென்ட் லோரன்ட் பகுதியில் ஒரே கட்டடத்தில் இருந்தார்கள். றொசானாவின் அப்பா புவாண்ட்-கிளேரில் உள்ள வெயர்ஹவுஸுக்கு வேலைக்குப் போகும்போது இருவரையும் மண்டப வாசலில் இறக்கிவிடுவார். அணியின் மூன்றாவது ஆள் மத்தில்ட். அவள் நிதானமாகக் கல் விடுவாள்.

நான்காவதாக வந்தவள்தான் ஐலா. ஸ்கொட்லாந்திலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவளுடைய அம்மாவுக்கு இங்கே விமானப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்திருந்தது. ஐலா ஒல்லியாக இருந்தாள். யாராவது பார்த்தால் தன் சப்பாத்தைப் பார்த்தாள். ஆனால் ஐந்து வயதிலிருந்தே கேர்லிங் விளையாடுகிறாள் என்று தெரிந்ததும், பயிற்சியாளர் மதாம் ஜோசே அவளையே தலைவி ஆக்கிவிட்டார்.

கல் புறப்பட்டது. ஐலா வாயைத் திறந்தாள்.

"சூ...ப்!"

அவளுடைய ஊரில் தேய்ப்பதற்கு அதுதான் சொல். அந்தக் குரல் பனிமேல் உருண்டு வந்து, பின்சுவரில் பட்டு, திரும்பிப் போனது. இத்தனை சின்ன உடம்புக்குள் இவ்வளவு பெரிய குரலை எங்கே மடித்து வைத்திருந்தாள் என்று றொசானா வியந்தாள்.

யதுர்ஷன் தேய்ப்பதை விட்டுவிட்டுச் சிரித்தான். "சூப்போ? எனக்கு இப்பவே பசிக்குது. தக்காளி சூப்போ, கோழி சூப்போ?"

இதை அவன் ஆங்கிலத்தில் சொன்னான். அதனால் பக்கத்துத் தளத்துப் பிள்ளைகளுக்கும் விளங்கியது. அவர்களும் "சூப், சூப்" என்று கத்திப் பார்த்தார்கள். கல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

மதாம் ஜோசே நல்லவர். மெதுவாகத்தான் சொன்னார். "ஐலா, கொஞ்சம் தெளிவாகப் பேசுகிறாயா? எல்லோருக்கும் புரிகிற மாதிரி."

ஐலா தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வேறொரு குரலுடன் வந்தாள்.

"தயவுசெய்து இப்போது தேய்க்கவும்" என்றது அந்தக் குரல். "போதும். நன்றி."

மெத்ரோ ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரைச் சொல்லும் குரல் போல அது இருந்தது. யாரும் சிரிக்கவில்லை. யாரும் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

றொசானாவுக்குத்தான் ஏதோ தொலைந்துபோனது போல் இருந்தது. முதல் நாள் ஐலா அவளை "றொசானா" என்று கூப்பிட்டபோது, முதல் எழுத்து நாக்கு நுனியில் அழகாக உருண்டது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் பிரெஞ்சு முறையில் அந்த எழுத்தைத் தொண்டைக்குள்ளிருந்து இழுத்து எடுப்பார்கள். வெளியாட்களில் ஐலா ஒருத்திதான் அம்மா கூப்பிடுவது போலக் கூப்பிட்டவள். இப்போது அவளும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

புதுக் குரல் வந்த பிறகு அணி தோற்கத் தொடங்கியது.

ஒருநாள் றொசானா மூச்சிரைக்கத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நிறுத்து" என்று கேட்டது. நிறுத்தினாள். கல் வட்டத்தைத் தொடாமலே நின்றது.

"ஏன் விட்டனி?" என்றான் யதுர்ஷன்.

"நிறுத்தச் சொன்னாளே."

"அது அவள் இல்ல. பக்கத்துத் தளத்துத் தலைவன் ஒலிவியே."

பிறகு யதுர்ஷனும் அதே பிழையை விட்டான். ஒலிவியே "தேய்" என்று கத்தியதும், நிற்க வேண்டிய தங்கள் கல்லைத் தேய்த்துத் தேய்த்து வட்டத்துக்கு வெளியே அனுப்பிவிட்டான்.

மத்தில்டின் முகம் சிவந்தது. "நான் கல்லைச் சரியாகத்தான் விடுகிறேன். நீங்கள் யாருக்குத் தேய்க்கிறீர்கள்?"

மதாம் ஜோசே நால்வரையும் கூப்பிட்டார். "வருகிற சனிக்கிழமை புவாண்ட்-கிளேர் பிள்ளைகள் நம்மோடு விளையாட வருகிறார்கள். அன்றும் சரிவராவிட்டால் மத்தில்ட் தலைவியாக இருக்கட்டும். ஐலா, உனக்குக் கவலை இல்லையே?"

"இல்லை, நன்றி" என்றாள் ஐலா, அந்த மெத்ரோக் குரலில்.

உடைமாற்றும் அறையில் அவள் தன் பிரஷ்ஷைப் பைக்குள் வைக்காமல் மண்டபத்துப் பிரஷ்களோடு சாய்த்து வைத்தாள்.

"அது உன்ர சொந்தப் பிரஷ் எல்லோ?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள் றொசானா.

"இனி எனக்குத் தேவைப்படாது. சனிக்கிழமைக்குப் பிறகு நான் வரமாட்டேன்."

றொசானா அதிகம் கதைப்பவள் இல்லை. வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு கேட்டாள்.

"உன்ர குரல் எங்க?"

"எந்தக் குரல்?"

"முதல் நாள் கொண்டுவந்தது."

ஐலா சப்பாத்து நூலை விரலில் சுற்றினாள். பிறகு மெல்லிய சத்தத்தில், ஆனால் தன் சொந்தக் குரலில் சொன்னாள். "வீட்டில இருக்கு. வெளியில கொண்டுவாறதில்ல."

"ஏன்?"

"அம்மா வங்கிக்குப் போன் எடுத்தா வேற ஆளாகிடுவா. அதை நாங்கள் 'போன் குரல்' எண்டு சொல்லுவம். ஊரில எங்கட பள்ளிக்கூடத்துக்கு யாராவது பெரிய ஆக்கள் வந்தா, 'ஒழுங்காக் கதையுங்கோ' எண்டு டீச்சர் சொல்லுவா. டிவியில செய்தி வாசிக்கிற ஆக்கள் எங்கட ஊர் மாதிரிக் கதைச்சு நான் கேட்டதே இல்ல. கார்ட்டூனில வாற கரடியும் கள்ளனும்தான் எங்களை மாதிரிக் கதைப்பினம்."

"கரடி நல்ல கரடியோ?"

"நல்ல கரடிதான். ஆனா மக்கு."

றொசானா யோசித்தாள். "எங்கட அப்பாவோட ஒரு சென்னைக்காரர் வேலை செய்யிறார். அவரோட கதைக்கேக்க அப்பா எங்கட ஊர் மாதிரி 'ஓம்' எண்டு சொல்லமாட்டார். 'ஆமாங்க, ஆமாங்க' எண்டுதான் சொல்லுவார். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பா."

"அப்பாவுக்குக் கோவம் வராதோ?"

"வரும். கோவம் வந்தா 'ஓம்' தானா வந்திடும்."

ஐலா சிரித்தாள். அந்தச் சிரிப்பும் பெரிதாகத்தான் இருந்தது.

அந்த வாரம் முழுவதும் றொசானா ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டே இருந்தாள். புதன்கிழமை கோட்-வெர்து மெத்ரோ நிலையத்தில் கூட்டம் நெரிந்தது. அத்தனை பேர் நடுவில் அம்மா பின்னாலிருந்து கூப்பிட்டார். றொசானா திரும்பிப் பார்க்காமலே நின்றுவிட்டாள். அது அம்மாதான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது?

சனிக்கிழமை ஆட்டம் தொடங்குமுன் அவள் யதுர்ஷனைப் பிடித்தாள். "சுவரைப் பாத்து நில். ஐலா கூப்பிட்டா மட்டும் கையைத் தூக்கு."

"ஏன்?"

"ஒரு சோதனை."

ஒலிவியேயும் இன்னொரு தளத்துத் தலைவியும் விளையாட்டாக உதவ வந்தார்கள். மூவரும் மாறிமாறிக் கத்தினார்கள். ஐலா தன் போன் குரலில் கத்தினாள். யதுர்ஷன் ஒலிவியேவுக்குக் கை தூக்கினான். பிறகு அந்தத் தலைவிக்குத் தூக்கினான். ஐலா கத்தியபோது சும்மா நின்றான்.

"இப்ப உன்ர குரலில கத்து" என்று றொசானா ஐலாவின் காதில் சொன்னாள்.

ஐலா தயங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு கத்தினாள்.

யதுர்ஷனின் கை அந்த நொடியே மேலே போனது. அடுத்த முறையும் போனது. அவன் தன் கம்பளித் தொப்பியைக் காது மறைய இழுத்துவிட்டான். அப்போதும் போனது.

"தொப்பிக்குள்ளாலயும் வருது" என்றான் அவன் ஆச்சரியத்தோடு.

"விளங்குதோ?" என்று றொசானா ஐலாவிடம் கேட்டாள். "நாங்கள் குனிஞ்சு தேய்க்கேக்க உன்னைப் பாக்க ஏலாது. காது மட்டும்தான் இருக்கு. மற்ற எல்லாரும் ஒரே மாதிரிக் கத்துகினம். உன்ர குரல் மாதிரி இந்த மண்டபத்திலயே வேற குரல் இல்ல."

யதுர்ஷன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அண்டைக்கு நான் சிரிச்சது பிழைதான். இனிச் சிரிக்கமாட்டன். பசிச்சா மட்டும் சொல்லுவன்."

ஆட்டம் தொடங்கியதும் ஐலா தன் குரலிலேயே கத்தினாள். முதல் கல் சொன்ன இடத்தில் போய் நின்றது. இரண்டாவதும் நின்றது. மத்தில்ட் கைதட்டினாள்.

புவாண்ட்-கிளேர் அணியின் தலைவனுடைய அப்பா தளத்தின் ஓரத்தில் வாங்கில் இருந்தார். பெரிய மீசை வைத்த மனிதர். பக்கத்தில் இருந்தவரிடம், "இது எந்த மொழி?" என்று கேட்டார். பிறகு ஐலாவைப் போலவே ஒருமுறை கத்திக் காட்டினார். இருவரும் சிரித்தார்கள்.

ஐலா அதைக் கேட்டுவிட்டாள்.

"தயவுசெய்து தேய்க்கவும்" என்றாள் அடுத்த கல்லுக்கு.

அதன்பிறகு எல்லாம் பழையபடி ஆனது. கற்கள் முந்தி நின்றன, பிந்தி நின்றன. இருந்த புள்ளிகளும் கையைவிட்டுப் போயின. இரண்டு அணியும் சமமாக வந்தபோது கடைசிக் கல் ஒன்றுதான் மிச்சம். அது மத்தில்டினுடையது. எதிரணியின் கல் வட்டத்தின் நடுவுக்குப் பக்கத்தில் நின்றது. மற்ற மூன்று தளங்களிலும் அதே நேரம் கடைசிக் கற்கள். மண்டபம் முழுவதும் ஒரே இரைச்சல்.

மத்தில்ட் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். றொசானா தளத்தின் நீளம் முழுவதும் வழுக்கிக்கொண்டு ஐலாவிடம் போனாள்.

"அந்த மனிசன் சிரிக்கிறார்" என்றாள் ஐலா. அவள் கண் கலங்கியிருந்தது.

றொசானா திரும்பி வாங்கைப் பார்த்தாள். பிறகு ஐலாவைப் பார்த்தாள். "அவர் தேய்க்கப் போறாரோ?"

"இல்ல."

"நானும் யதுர்ஷனும்தான் தேய்க்கப் போறம். நீ எங்களோட கதை."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்ப வழுக்கிப் போனாள்.

மத்தில்ட் கல்லை விட்டாள். றொசானாவும் யதுர்ஷனும் குனிந்தபடி அதற்கு முன்னால் போனார்கள். வலப்பக்கத்தில் யாரோ "தேய்" என்றார்கள். இடப்பக்கத்தில் யாரோ "விடு" என்றார்கள். றொசானா எதையும் கேட்கவில்லை. ஒரு குரலுக்காக மட்டும் காத்திருந்தாள்.

அது வரவில்லை. கல்லின் வேகம் குறையத் தொடங்கியது.

அப்போது வந்தது.

"சூ...ப்!"

இருவரும் தேய்த்தார்கள். அந்தக் குரல் அவர்களைக் கயிறு கட்டி முன்னால் இழுப்பது போல் இழுத்தது. "இன்னும், றொசானா! விடாத, விடாத!" பெயர் நாக்கு நுனியில் உருண்டு வந்தது. றொசானாவின் தோள் எரிந்தது. யதுர்ஷனின் தொப்பி பனியில் விழுந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"விடு!"

இருவரும் ஒரே நேரத்தில் பிரஷ்ஷைத் தூக்கினார்கள். கல் தானாகவே போனது. எதிரணிக் கல்லை மெல்ல உரசிக்கொண்டு உள்ளே நகர்ந்து, நடுப்புள்ளியின்மேல் நின்றது.

பக்கத்துத் தளத்தில் ஒலிவியேயின் ஆட்கள் தேய்ப்பதை மறந்து இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய கல்லும் நின்றுபோயிருந்தது.

"எங்களையும் நிறுத்திவிட்டாள்" என்றான் ஒலிவியே. கோபமாகச் சொல்லவில்லை.

மதாம் ஜோசே ஐலாவின் தோளைத் தட்டினார். "தெளிவாகப் பேசு என்று சொன்னேன். நீ தெளிவாகத்தான் பேசியிருக்கிறாய். எனக்குத்தான் காது பழகவில்லை. அடுத்த வாரமும் நீதான் தலைவி."

கேர்லிங்கில் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க ஏதாவது வாங்கிக் கொடுப்பார்கள். பிறகு இரு அணியும் ஒரே மேசையில் உட்கார்ந்து கதைக்க வேண்டும். அன்று சூடான சொக்லெட். யதுர்ஷன் எல்லோருக்கும் முன்னதாகக் குடித்து முடித்துவிட்டு, மத்தில்டின் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மீசைக்காரர் மகனுக்குப் பின்னால் வந்து நின்றார். கொஞ்சம் வெட்கப்பட்டவர் போல் இருந்தார்.

"நன்றாக விளையாடினாய்" என்றார் ஐலாவிடம். "உனக்கு எந்த ஊர்?"

"கேர்வன்" என்றாள் ஐலா. "கடற்கரையில இருக்கு. எங்கட கரையில நிண்டு பாத்தா கடலுக்க ஒரு தீவு தெரியும். நீங்கள் இங்க விடுற கல்லெல்லாம் அந்தத் தீவிலதான் வெட்டினவை. கல்லும் நானும் ஒரே ஊர்ப்பக்கம்."

அவள் வேகமாகச் சொன்னாள். எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று உருண்டன. மீசைக்காரர் பாதியைத் தவறவிட்டது அவர் முகத்திலேயே தெரிந்தது.

றொசானாவுக்கு முழுவதும் விளங்கியிருந்தது. தானே எடுத்துச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். பிறகு வேண்டாம் என்று சொக்லெட்டைக் குடித்தாள்.

"மன்னிக்க வேண்டும்" என்றார் மீசைக்காரர். "இன்னொரு முறை சொல்கிறாயா?"

ஐலா இன்னொரு முறை சொன்னாள், அதே குரலில். இந்த முறை அவர்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கிட்ட வந்து உட்கார்ந்தார்.