பாதிக் கயிற்றில் நின்ற பறவை

"கோமதிக்கும் ஒரு இலை போடுங்க, அத்தான்."

கேட்டே விட்டாள். நாலு மாதமாக ஓரகத்தி நாகம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: இந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேள், தனிக்குடித்தனம்கூடக் கேள், போகியன்று இலை மட்டும் கேட்காதே. தவமணி அதைத்தான் கேட்டாள். அதுவும் அடுப்படியில் நின்று முணுமுணுக்கவில்லை. நடுவீட்டில், மூத்தார் ஏகாம்பரம் தலை ஈரத்தோடு உட்கார்ந்து ஏழு வாழை இலைகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, நேர் எதிரே போய் நின்று கேட்டாள்.

ஏகாம்பரத்தின் கை நின்றது. அடுப்படியில் நாகம்மாவின் அகப்பை நின்றது. ஓரமாகத் தேங்காய் துருவிக்கொண்டிருந்த இராமலிங்கம், தவமணியின் புருஷன், அவன் மட்டும் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டு இன்னும் வேகமாகத் துருவினான்.

"பால் பல்லு விழாத பிள்ளைக்கு இந்த வீட்டில இலை கிடையாது" என்றார் மூத்தார்.

"ஏன்?"

"ஏன்னு கேக்கிற வழக்கமும் கிடையாது."

"குடிச்சுட்டுச் சாக்கடையில விழுந்து செத்தாரே உங்க சித்தப்பா, அவருக்கு மட்டும் இலை உண்டு. உயிரோட இருந்தப்பவே வீடு தெரியாம அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினவரு அவரு."

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு என்னவோ போலிருந்தது. இலையை மறுபக்கம் திருப்பித் துடைத்தபடி மெல்லச் சொன்னார்: "அவருக்கு வரவும் தெரியும், போகவும் தெரியும். பிள்ளைக்கு வரத்தான் தெரியும்."

காஜா பெராங்கில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மலாக்காச் செட்டி வீடு அது. பேச்சு மலாய், சாமி தமிழ். தவமணி கட்டிக்கொண்டு வந்த பிறகு, அவளுக்காக ஆளுக்குக் கொஞ்சம் தமிழ் பேசப் பழகியிருந்தார்கள். போகியன்று பிற்பகல், செத்துப் போனவர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து இலையில் படைப்பதைப் பார்ச்சு என்பார்கள். படைத்துவிட்டு நடுவீட்டுக் கதவைச் சாத்துவார்கள். அவர்கள் வந்து சாப்பிடும்வரை மற்றவர்கள் முன்கூடத்தில் காத்திருக்க வேண்டும்.

தவமணி இதை நம்பியவளில்லை. செங் பக்கம் ரோட்டுக்குக் கல் உடைத்த கூலியின் மகள் அவள். அவள் வம்சத்தில் முதல்முதலாக எழுத்துக் கூட்டிப் படித்தவள், இப்போது தமிழ்ப் பள்ளிக்கூடத்து டீச்சர். ஆத்திரத்தில்தான் இலை கேட்டாள். அவள் மகள், ஐந்து வயதுக் கோமதி, புரட்டாசியில் தொண்டை அடைத்து, மூன்று நாள் ஒரு வாய் கஞ்சி விழுங்க முடியாமல் போனாள். வெள்ளைக்கார டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டுத் தன் தொப்பியைத் தேடினார். பசியோடு போன பிள்ளை. அதற்கு ஒரு இலை இல்லை என்றால் அது என்ன வழக்கம், யார் வீட்டு நியாயம்?

மூன்று மணிக்குக் கதவைச் சாத்தினார்கள். எல்லாரும் முன்கூடத்துக்குப் போனார்கள். தவமணி தலைவலி என்று சொல்லிப் பக்கவாட்டுச் சந்து வழியாக அடுப்படிக்கு வந்தாள். தனக்கென்று ஒளித்து வைத்திருந்த எட்டாவது இலையை எடுத்தாள். கோமதிக்குப் பிடித்த ஒண்டே ஒண்டே ஐந்து, உள்ளே வெல்லப்பாகு வைத்த பச்சை உருண்டைகள், விடிகாலையிலேயே உருட்டி வைத்திருந்தாள். பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்து பறவையை எடுத்தாள்.

இராமலிங்கம் செய்த பறவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனுக்கு அதுதான் வேலை. தனியாக விளையாடும் பொம்மை கடையிலேயே கிடைக்கும், நான் செய்வது ரெண்டு பேர் சேர்ந்தால்தான் அசையணும் என்பான். இரண்டு பேர் இழுத்தால் மட்டும் வாயைத் திறக்கும் முதலை செய்தான். அப்பாவின் காலிலும் மகளின் காலிலும் கட்டிக்கொண்டு ஒன்றாக நடந்தால் மட்டும் தலையாட்டும் யானை செய்தான். எல்லாவற்றிலும் கோமதிக்குப் பிடித்தது இந்தப் பறவைதான். உள்ளே துளையிட்ட, நீலச் சாயம் பூசிய மரப்பறவை. அதன் வயிற்றுக்குள் நுழைந்து ஓடும் இரண்டு கயிறுகள், பத்து முழ நீளம். ஒரு முனையில் இரண்டு பெரிய பிரம்பு வளையங்கள் அம்மாவுக்கு, மறுமுனையில் இரண்டு சின்ன வளையங்கள் மகளுக்கு. அம்மா கைகளை அகல விரித்தால் பறவை சர்ரென்று மகளிடம் ஓடும். மகள் விரித்தால் அம்மாவிடம் வரும். எதிரே ஒருத்தர் விரிக்காமல் அது திரும்பாது.

கடைசி மூன்று நாள் பேச்சில்லாமல் கிடந்த கோமதி, பாயில் படுத்தபடியே இதை ஆடினாள். கடைசித் தடவை அவள் கை ஒரு சாண்கூட விரியவில்லை. பறவை பாதிக் கயிற்றில் நின்றது. அப்படியே சுற்றிப் பெட்டியில் வைத்தவள் தவமணிதான்.

இப்போது பிரித்தபோது பறவை பாதியில் இல்லை. சின்ன வளையங்களோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பெட்டி அசைந்திருக்கும், சரிந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

நடுவீட்டுக்குள் நுழைந்து அடுப்படிக் கதவையும் முன்பக்கக் கதவையும் உள்ளிருந்து தாழிட்டாள். ஜன்னல்கள் அடைத்திருந்தன. குத்துவிளக்கின் ஒற்றைச் சுடர், சாம்பிராணிப் புகை, அதற்கடியில் தேங்காய்ப்பால் சோறும் பொரித்த மீனும் மிளகாய்ச் சம்பாலும் கலந்து வெதுவெதுப்பாய் மூக்கில் ஏறும் வாசனை, ஏழு இலைகளிலிருந்தும் எழும் மெல்லிய ஆவி, தெருவில் எங்கோ மீச் சேமியா விற்கிற சீனன் கட்டை தட்டும் சத்தம், கதவுக்கு அந்தப் பக்கம் மூத்தாரின் இருமல். வரிசையின் கடைசியில், கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில், எட்டாவது இலையைப் போட்டாள். உருண்டைகளை வைத்தாள். இலையோரம் சின்ன வளையங்களை வைத்தாள். கயிற்றை நீட்டிக்கொண்டே பின்னால் நடந்து, மறுகோடியில் மண்டியிட்டு, பெரிய வளையங்களைப் பிடித்தாள்.

"கோமதி, அம்மா வந்திருக்கேன். சாப்பிடுடா."

சொல்லி முடித்ததும் வெட்கமாக இருந்தது. படித்தவள் செய்கிற காரியமா? எழுந்துவிடலாம் என்று வளையங்களைத் தன் பக்கம் இழுத்தாள். பிடிக்க ஆளில்லாத கயிறு தொய்வாகத் தரையில் இழுபட்டு வரவேண்டும்.

வரவில்லை.

கயிறு தரையைவிட்டு எழும்பியது. மெதுவாக, ஒரு முழ உயரத்துக்கு. ஐந்து வயதுப் பிள்ளை சம்மணமிட்டு உட்கார்ந்து பிடிக்கும் உயரம். வளையங்கள் கிடந்த இடத்தில் விளக்கு வெளிச்சம் எட்டவில்லை. பறவை மட்டும் நீலமாகத் தெரிந்தது. அது அசைந்தது. தயங்கித் தயங்கி, பாதிக் கயிறு வரை வந்து நின்றது.

அழுதாள். சத்தம் வராமல் வாயைக் கடித்துக்கொண்டு, கண்ணீர் தாடையில் வடிய, கைகளை விரித்தாள். பறவை போனது. காத்திருந்தாள். வந்தது. இப்போது பாதியைத் தாண்டி. மறுபடி அனுப்பினாள். மறுபடி வந்தது. முழங்கால் வரை. நாலு மாதமாக மார்பில் கட்டியாய்க் கிடந்த எதுவோ கரைந்தது. என் பிள்ளைக்குத் தெம்பு வந்திருக்கிறது, சாப்பிட்டிருக்கிறாள் என்று நினைத்து இலையைப் பார்த்தாள்.

ஐந்து உருண்டைகளும் வைத்தது வைத்தபடி இருந்தன.

அடுத்த தடவை பறவை வந்து விரல்முட்டியில் இடித்தது. வலித்தது. அதற்கடுத்தது தோலைக் கிழித்தது. கோமதி ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் சிரிப்பாள், எண்ணுவாள், மூச்சு வாங்குவாள். இப்போது இடைவெளியே இல்லை. போன வேகத்திலேயே திரும்பியது. இவ்வளவு வேகத்துக்குக் கையை எவ்வளவு விரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வயதுக் கை அவ்வளவு விரியாது. இராமலிங்கத்தின் கைகூட விரியாது.

பின்னாலிருந்து யாரோ கையைப் பிடித்து விரித்துவிட்டால் ஒழிய.

கயிறு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு முழம் இரண்டானது. மூன்றானது. அவளும் மண்டியிலிருந்து எழுந்து நின்றாக வேண்டியிருந்தது.

கதவு தட்டப்பட்டது.

"தவமணி." நாகம்மாவின் குரல், கதவிடுக்கில் வாயை வைத்து. "கயிறு ஓடுற சத்தம் கேக்குது. வளையத்தைக் கீழே வை."

"என் பிள்ளை வந்திருக்கா அக்கா."

"தெரியும். கீழே வை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பறவை வந்து இடித்தது. தவமணி திருப்பி அனுப்பினாள். அனுப்பாமல் இருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கயிறு அப்படி இழுத்தது.

"நானும் போட்டேன்டி." நாகம்மா அழுதாள். "பன்னெண்டு வருஷத்துக்கு முன்ன, என் பிள்ளை சின்னையாவுக்கு. அவன் போனப்போ நாலு வயசு. யாருக்கும் தெரியாம ஒரு இலை போட்டேன். வந்தான்."

"வந்து?"

"திரும்பக் கொண்டுபோய் விடணும்னு பெரியவங்க சொன்னாங்க. கையைப் பிடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போகணும்னாங்க. போனவ திரும்ப மாட்டாள்னும் சொன்னாங்க. நான் போகலை. பயந்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "அவன் கொல்லையிலதான் இருக்கான். விளையாட ஆள் இல்லாம. வளர்ந்துட்டான் தவமணி. வளர்றதை அவனுக்கு நிறுத்தத் தெரியலை."

அந்தப் பக்கம் இராமலிங்கம் கதவில் தோளால் மோதினான். "தவமணி, தாழ்ப்பாளை எடு! விட்டுடு, வந்துடு!" ஏகாம்பரம் மலாயில் யாரிடமோ மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். வேண்டாம், வேண்டாம், ஜாஙான், ஜாஙான். அவளிடம் சொல்லவில்லை.

கொல்லைக் கதவு திறந்தது.

யாரும் தள்ளவில்லை. வெயில் உள்ளே விழுந்தது. பட்டப்பகல். கிணறு தெரிந்தது, கொடியில் காய்ந்த துணி தெரிந்தது. கயிறு இரண்டும் எட்டாவது இலைக்கு மேலாக ஓடி, வாசலின் மேல்கட்டையில் உரசி, வெளியே மேல்நோக்கிப் போயின. முடிகிற இடம் இங்கிருந்து தெரியவில்லை. மேல்கட்டை மறைத்தது.

மறைக்காதது ஒன்று இருந்தது.

வாசலின் மேல் விளிம்புக்குக் கீழே, அவள் கண்மட்டத்தில், இரண்டு சின்னப் பாதங்கள். தரையில் படாமல். இடது கட்டைவிரலில் கோமதியின் பழைய தழும்பு.

பறவை புறப்பட்டது. அங்கே மேலே யாரோ கோமதியின் கைகளைப் பிடித்து விரித்திருக்க வேண்டும். பாதங்கள் துடித்தன.

ஒவ்வொரு தடவையும்.

அவள் அனுப்ப அனுப்ப. ஒவ்வொரு தடவையும்.

"கீழே வச்சிட்டு வாடி! அவளை விட்டுடு! நான் விடலையா?" என்று கத்தினாள் நாகம்மா.

தவமணி கையை விரிக்கவில்லை. பறவை நெஞ்சில் வந்து மோதியது. அதை வாங்கிக்கொண்டாள். இரண்டு கயிற்றையும் சேர்த்து மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றினாள். இன்னொரு சுற்று. ரத்தம் பிரம்பு வளையத்தில் வழுக்கியது. கதவுப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீங்க விட்டீங்க அக்கா" என்றாள்.

பிறகு கயிற்றைக் கைக்குக் கை சுருட்டிக்கொண்டே நடந்தாள். ஏழு இலைகளைத் தாண்டி. எட்டாவதைத் தாண்டி. முன்பக்கத் தாழ்ப்பாள் உடைந்து விழும் சத்தம் கேட்டது. நிலைப்படியைத் தாண்டினாள். வெயில். ஈர மண். பாதங்கள் இப்போது நேர் மேலே.

நிமிர்ந்து பார்த்தாள்.

இன்னும் நிமிர வேண்டியிருந்தது.