சங்குத் தெரு முக்கில் ஒரு நன்றி

செவ்வாய்க்கிழமை காலை மிக்கேலம்மாள் சேசடிமையைக் கொன்றாள். இது நாலாவது தடவை.

திரையில் அவர் பெயர் சிவப்பாக வந்து நின்றது. இடம், சங்குத் தெரு முக்கு. நேரம், காலை ஆறு ஐந்து. இன்றிலிருந்து பதினேழாம் நாள். கீழே காரணம் போட்டிருந்தது: ஓடும் வண்டியில் ஸ்டியரிங்கிலிருந்து கை எடுத்தது.

"அக்கா, அந்த மனுசனுக்கும் உங்களுக்கும் எதுவும் வரப்புத் தகராறா?" என்றான் சோதனைக் கூடத்து அலுவலர் இசக்கிராஜா.

"வாயைக் கழுவு தம்பி. மூணு தடவ பழச்சீப்போட வந்து நின்னாரு. எம் மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

"மொத்தம் ஆறு தடவ ஆச்சு. வெள்ளிக்கிழம ஏழாவது. அதுலயும் போச்சுன்னா ஆயுசுக்கும் உரிமம் கிடையாது."

அது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

விளைவுப்பொறி என்று அதற்குப் பெயர். கூடத்துக்குள் ஒரு வண்டி நிற்கும். அது ஒரு அங்குலம் நகராது; எதிரே திரையில் தெருதான் ஓடும். தெருவிளக்குக் கம்பங்களில் இருக்கிற கம்பக்கண்கள் ஊரில் யார் எப்போது எங்கே எப்படி நடக்கிறார்கள் என்று வருசக்கணக்காகப் பார்த்து வைத்திருக்கின்றன. உட்கார்ந்தவரின் கை, கால், கண் மூன்றையும் அளந்துகொண்டு, இந்த ஆளை வண்டியோடு வெளியே விட்டால் தொண்ணூறு நாளில் என்ன நடக்கும் என்று பொறி ஓட்டிப் பார்க்கும். யாரும் சாகவில்லை என்றால் உரிமம். செத்தால் ஃபெயில். அந்தக் காலத்தில் எட்டுப் போடும்போது கால் ஊன்றினால் ஃபெயில். அதிகாரி வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தாலும் ஃபெயில். இப்போது அந்த வம்பு இல்லை. மனிதன் சொன்னால் நாலு கேள்வி கேட்கிற ஊர், பொறி சொன்னால் தலையாட்டியது.

கூடத்துச் சுவரில் பத்துக் காரணங்கள் எழுதியிருந்தன. பக்கக் கண்ணாடி பார்க்காதது, சைகை போடாமல் திரும்பியது, கோட்டைத் தாண்டி நின்றது என்று வரிசையாகப் போகும். முதல் தடவை கண்ணாடியால் போனாள். இரண்டாவது தடவை கோட்டால். இரண்டையும் திருத்திக்கொண்டாள். அதற்கப்புறம் நாலு தடவையும் கை, நாலு தடவையும் சேசடிமை.

மூன்று வருசமாக அந்த ஊர் ரோட்டில் ஒரு சாவு இல்லை. பொறியை எவ்வளவு சந்தேகப்பட்டாலும் இதை இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் அரசாங்கம் அந்தச் சட்டத்தையும் போட்டது. யார் ஃபெயிலானதால் நீ பிழைத்தாயோ, அவரை மூன்று நாளுக்குள் நேரில் பார்த்து நன்றி சொல்ல வேண்டும். பிழைப்புச் சீட்டில் அவர் கையெழுத்து வாங்க வேண்டும். வாங்காவிட்டால் ரேஷன் நிற்கும். நன்றிக்கும் ரேஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை.

மறுநாள் மத்தியானம் மீன் ஏலக்கூடத்தில் மிக்கேலம்மாள் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தாள். தானோட்டி வண்டிகள் ஊர் முழுக்க ஓடின. ஆனால் மீன் கூடையைக் கண்டால் அவற்றின் மோப்பக்கருவி கதவைத் திறக்காது. கையால் ஓட்டுகிற பழைய லோடு வண்டி அவளிடம் ஒன்று இருந்தது. ஓட்ட ஆள்தான் இல்லை. வாடகை டிரைவர் எழுந்து பல் தேய்த்து வருவதற்குள் சீலா மீன் கண் வெளுத்துவிடும். வெளுத்த கண்ணை யார் வாங்குவார்கள்?

சேசடிமை பழச்சீப்போடு வந்தார். துறைமுகத்தில் முப்பது வருசம் பாரந்தூக்கி ஓட்டியவர். வலது கையில் இரண்டு விரல் கிடையாது.

"ஏட்டி, இந்தா பழம். என்னைக் கொல்லாம விட்டதுக்கு நன்றி. கையெழுத்தப் போடு."

"மாமா, கொஞ்சம் உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. இன்னும் ரெண்டு பேரு வீட்டுக்குப் போவணும். இந்த வாரம் மூணு பேரு என்னை ஏத்தியிருக்கான். இதுவரைக்கும் முப்பத்தோரு சீட்டு. ஊர்ல வேற ஆளே இல்லியா? அந்தப் பெட்டிக்கு எம் மேல ஏதோ கண்ணு."

"எல்லாம் அந்த முக்குலதானா?"

"எல்லாம் அங்கதான்."

மிக்கேலம்மாள் சுத்தியலைக் கீழே வைத்தாள். "காலைல ஆறு மணிக்கு நடு ரோட்டுல என்னதான் மாமா செய்யுதீங்க?"

கிழவர் கோபப்படப் பார்த்தார். பிறகு பழச்சீப்பை ஐஸ் பெட்டிமேல் வைத்துவிட்டுச் சொன்னார். முன்பு அந்தத் தெருவில் எங்கே நின்றாலும் மாதா கோயில் கோபுரம் தெரியும். இப்போது இரண்டு பக்கமும் அடுக்குமாடி. நடு ரோட்டில் ஒரே ஒரு இடத்தில் நின்றால் மட்டும் இடுக்கில் சிலுவை தெரியும். அங்கே செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி, ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லுவார்.

"கம்பிக் கயிறு அந்து வந்துச்சு. தலைக்கு வந்தது ரெண்டு விரலோட போச்சு. அன்னைலேருந்து ஒரு நாள் தப்பல."

மிக்கேலம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னட்டி?"

"நான் கை எடுக்கதும் அங்கதான் மாமா. எங்க வீட்டு ஆளு புயல்ல போயி பதினோரு நாள் கழிச்சு உசுரோட கரை வந்தாரு. அந்த இடுக்குல கோபுரத்தக் கண்டா கை தானா எந்திரிச்சு நெத்திக்குப் போயிருது. கண்ணும் ஒரு நொடி மூடிரும்."

ஐஸ் உருகிச் சொட்டியது.

"அப்போ நீ மாதாவக் கும்பிட்டுக்கிட்டே, மாதாவக் கும்பிடுத என்னை ஏத்துத," என்றார் கிழவர். "மேல இருந்து அவ தலையில அடிச்சிருப்பா."

"நீங்க ஓரமா நின்னு கும்பிடக் கூடாதா?"

"ஓரத்துல நின்னா செவருதான் தெரியும். நீ கைய எடுக்காம போ."

"நானா எடுக்கேன்? அதுவால்லா போவுது!"

"முப்பது வருச வழக்கம் எனக்கு. ஒம் மீனுக்காக மாதாவ விடச் சொல்லுதியா?"

கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை சங்குத் தெரு முக்கில் அவர் செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடினார். அருள் நிறைந்த மரியே பாதியிலேயே நின்றது. கண்ணைத் திறந்து பார்த்தார். ஒரு தானோட்டி அவருக்காக நின்றிருந்தது. கையால் வண்டி ஓட்டிவந்த ஒருத்தன் அவரைச் சுற்றிக்கொண்டு போனான். ஊரில் உரிமம் வாங்கினவன் எல்லாம் அவரைச் சுற்றிப் போகத் தெரிந்தவன் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தெரியாதவர்கள் அவருடைய முப்பத்தோரு சீட்டிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நேராகச் சோதனைக் கூடத்துக்குப் போனார்.

"வே, எனக்கும் ஒரு சோதனை வையும்."

"தாத்தா, உங்களுக்கு எதுக்கு வண்டி?" என்றான் இசக்கிராஜா.

"வண்டி யாரு கேட்டா? நடக்கதுக்கு. ஓட்டுதவனை மட்டும் சோதிக்கீரே, நடக்குதவன் என்ன தேவதூதனா?"

"அப்படி விதியே கிடையாது."

"பெட்டிகிட்டக் கேளும். ஒம்மகிட்டக் கேக்கல."

பொறி மாட்டேன் என்று சொல்லவில்லை. அதற்கு எந்தக் கால் என்றாலும் ஒன்றுதான். பிரேக் மிதிக்கிற காலுக்குப் பதில் நடக்கிற காலை அளந்தது. திரையில் சங்குத் தெரு விரிந்தது. அவரை அதிகத் தடவை கொன்ற மிக்கேலம்மாள் கை எடுக்காமல் நன்றாக ஓட்டுவதாக வைத்துக்கொண்டு பார்த்தது. அவள் கடைசி நொடியில் கிழவரைப் பார்க்கிறாள். ஸ்டியரிங்கை ஒடிக்கிறாள். லோடு வண்டி முக்கை ஒட்டிய உப்புக் கால்வாயில் தலைகீழாகக் கிடக்கிறது.

சிவப்பு எழுத்தில் வந்த பெயர், மிக்கேலம்மாள்.

"ஃபெயில் தாத்தா," என்றான் இசக்கிராஜா. அவன் குரல் இறங்கியிருந்தது. "இனிமே அந்த முக்குல கால் வைக்க உங்களுக்கு உரிமம் இல்ல."

"நல்லது," என்றார் சேசடிமை. சொல்லிவிட்டு ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை மிக்கேலம்மாள் ஏழாவது தடவை உட்கார்ந்தாள். முக்கு வந்தது; கை எழுந்து நெற்றிக்குப் போனது; கண் மூடியது. செத்தோம் என்று நினைத்தாள். திறந்து பார்த்தால் ரோடு காலியாகக் கிடந்தது. தொண்ணூறு நாளும் காலி. திரை பச்சையானது.

சனிக்கிழமை விடியும்போது சேசடிமை வீட்டு வாசலில் லோடு வண்டி வந்து நின்றது. மிக்கேலம்மாள் ஒரு கையில் சீலா மீனும் மறு கையில் பிழைப்புச் சீட்டுமாக இறங்கினாள்.

"மாமா, நீங்க ஃபெயிலானதுக்கு நன்றி. கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன். ரேஷன் நின்னா நிக்கட்டும். மீன மட்டும் குடு."

"சீட்டுக்காகவா வந்தேன்? வண்டில ஏறுங்க."

"எனக்கு உரிமம் இல்லட்டி."

"நடக்கதுக்குத்தான இல்ல. உக்கார யாரு உரிமம் கேக்கா?"

சங்குத் தெரு நடுவில், சிலுவை தெரிகிற அந்த இடத்தில், வண்டியை நிறுத்தி அணைத்தாள். நாலு விளக்கும் மினுக்கின. பின்னால் ஒரு தானோட்டி பேசாமல் நின்றது. கிழவர் காலடியில் செருப்பைக் கழற்றி வைத்தார். இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். இந்தத் தடவை அருள் நிறைந்த மரியே முழுதாக முடிந்தது.

கிழவர் கேட்ட சோதனை அரசாங்கத்துக்குப் பிடித்துப்போயிற்று. ஆறு மாதத்தில் ஊரில் எல்லாரையும் நடக்க வைத்துப் பார்த்தார்கள். போன் பார்த்துக்கொண்டு நடந்தவன், கதை பேசிக்கொண்டு கடந்தவள் என்று முக்கால்வாசி ஃபெயில். தெருக்கள் காலியாகின. ஓட்டப் படித்தவர்கள் எல்லாரும் முதல் தடவையே பாஸானார்கள். பொறிக்குள் சாக ஆள் இல்லாததால் அதற்கப்புறம் யாரும் பிழைக்கவும் இல்லை, அதனால் யாரும் யார் வீட்டுக்கும் பழம் கொண்டுபோகவில்லை. சுவரிலிருந்த பத்துக் காரணங்களையும் அழித்துவிட்டு ஒன்றே ஒன்றை எழுதினார்கள்: காரணமின்றி வண்டியை நிறுத்துதல்.

அந்தக் குற்றத்துக்கு மிக்கேலம்மாளுக்கு வாரம் ஒரு எச்சரிக்கைச் சீட்டு வருகிறது. ஐஸ் பெட்டியின் மூடியில் அவற்றை வரிசையாக ஒட்டி வைத்திருக்கிறாள். வண்டி நின்றதும் கிழவர் தினமும் கேட்பார், "காரணம் இல்லியாமாட்டி?"

"இல்லியாம் மாமா," என்பாள் அவள். பிறகு இரண்டு பேரும் கண்ணை மூடுவார்கள்.