வாரேன் என்று போனவன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வாசலில் ஈ காக்கா இல்லாத நேரத்தில், லின்சியின் மாடிக் கதவு "வாங்க" என்றது.

மழைக்காற்று தட்டியிருக்கும் என்று நினைத்தாள். கீழ்வீட்டுக்காரர்கள் அன்னூருக்கு விருந்துக்குப் போயிருந்தார்கள்; வாரமெல்லாம் காதைப் பிளக்கும் சோமனூர்த் தறிகளும் லீவில் கிடந்ததால், ஃபிரிட்ஜ் முனகுவதும், ஈரச் சுவர் வாசனைக்கு நடுவே பழைய ஷேவிங் லோஷன் மணம் லேசாகத் தலைகாட்டுவதும் அவளுக்கு நன்றாகத் தெரிந்தன.

அந்தப் பேசும் கதவு அவள் புருஷன் ஸ்டீவ் செய்தது. தறிக்கூடங்களுக்கு விற்கலாம் என்று இருவரும் சேர்ந்து தொடங்கிய தொழில். ஆள் சொல்வதைக் கேட்டு, வருகிறாரா கிளம்புகிறாரா என்று திரையில் காட்டும், வருகிறவரை "வாங்க" என்று அழைக்கும், கிளம்புகிறவருக்குத் திறந்துவிடும். அடுத்தவர் எழுதி வைத்த ஆயத்த மென்பொருளான ஃபிரேம்வொர்க் எதையும் ஸ்டீவ் கிட்டே சேர்க்கமாட்டான். எல்லாம் சொந்தக் கையால் எழுதவேண்டும், பிடிவாதக்காரன்.

"அவங்க எழுதுனதுக்கு நம்ம பேச்சு புரியாது அம்மணி," என்பான்.

அவன் லாரியில் அடிபட்டுச் செத்தபிறகு, அவன் எழுதியது பழுதாகி நின்றது. திறந்து பார்த்தால் அவளுக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை. தறிக்கூட முதலாளி அரங்கசாமியோ திங்கட்கிழமை ஓட்டிக் காட்டியே ஆகவேண்டும் என்றுவிட்டார். வேறு வழி? எவரோ எழுதிய ஃபிரேம்வொர்க்கை நேற்று இறக்கிப் போட்டாள். சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க, கதவில் பதிந்திருந்த ஸ்டீவின் கடைசிக் குரலை ஓடவிட்டாள். லாரிக்குப் பலியான அன்று காலையில் கிளம்பும்போது சொன்னது.

"வாரேன் அம்மணி."

திரையில் எழுத்து வந்தது: ஸ்டீவ் வந்துகொண்டிருக்கிறார்.

லின்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து முட்டின. இந்த ஊரில் கிளம்புகிற யாரும் "போறேன்" என்று சொல்லமாட்டார்கள் என்பது எவரோ எழுதிய அதற்கு எப்படித் தெரியும்? ஸ்டீவ் அதற்கென்றே தனியாக ஒரு வரி எழுதியிருந்தான். திரையில் வந்ததை அப்போதே அழித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை. தன்னிடம் ஒருவர் வருகிறார் என்று ஒரு திரையாவது சொல்கிறதே.

இப்போது கதவு தானாகத் திறந்தது. மூடியது. பூட்டிக்கொண்டது.

திரை மாறியது: ஸ்டீவ் உள்ளே.

அவனுடைய லோஷன் மணம். கூடவே டீசல். அவன் நாற்காலி கிறீச்சிட்டது. அதன் மெத்தை அமுங்கியது. கீழே, தரையில், சொட்டுச் சொட்டாகச் சிவந்த ஈரம்.

"ஏனுங்க..."



வரமாட்டானா வரமாட்டானா என்று ஏங்கிக் கிடந்தவள், வந்ததும் வாசலுக்கு ஓடினாள். "போறேன்" என்றால் போதும், கதவு திறந்துவிடும். அவளுக்குத் தெரியும். ஆனால் பிறந்ததிலிருந்து பழகிய நாக்கு.

"வாரேனுங்க."

கதவு அசையவில்லை.

திரையில்: லின்சி வந்துகொண்டிருக்கிறார்.

மறுபடி வாயைத் திறந்தாள். மறுபடியும் நாக்கில் "வா" என்றே வந்தது. முதுகுக்குப் பின்னால் அவன் நாற்காலி மெல்லத் திரும்பும் சத்தம். அதன் பக்கத்தில் இருந்த அவளுடைய நாற்காலியை யாரோ அவள் உட்காருவதற்கு இழுத்துப் போட்டார்கள்.